ரிமோட் பழுதானால் பயிர் காத்திருக்குமா?

வாரன்டி அட்டை கையில் இருந்தும் ட்ரோன் ரிமோட்டைத் தாங்களே கழற்றத் துணிகிறார்கள் பைலட்கள். எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது, சட்டம் யார் பக்கம்?

கார்த்திகை மாதக் காலை. அடைமழை விட்டு, மூன்று நாளைக்குப் பிறகு வெயில் தலைகாட்டுகிறது. டெல்டாவில் சம்பா நெல் தூர் கட்டி நிற்கிறது. இலைச்சுருட்டுப்புழு இலையை மடித்து உள்ளே குடியேறிவிட்டது. வரப்பில் பத்து லிட்டர் தொட்டியோடு ட்ரோன் தயார். மருந்தும் கலந்தாகிவிட்டது; கலந்ததை நாளைக்கு வைத்திருக்க முடியாது. பைலட் மோட்டாரைக் கிளப்பி இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, ஸ்டிக்கிலிருந்து விரலை எடுக்கிறார். ட்ரோன் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. யாரும் சொல்லாமலே இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது.

சட்டென்று இறக்கிவிடுகிறார். ரிமோட் திரையில் காலிப்ரேஷன் பக்கத்தைத் திறந்தால் கோளாறு தெரிகிறது. இடது ஸ்டிக்கை யாரும் தொடவில்லை. திரையில் மட்டும் அது இடப்பக்கம் தள்ளப்பட்டதாகக் காட்டுகிறது. வரப்பில் வயல்காரர் நிற்கிறார். அடுத்த வயலுக்குச் சொல்லிவைத்தவர் போனில் அழைத்துக்கொண்டிருக்கிறார். சர்வீஸ் சென்டர் வெளியூரில். ரிமோட்டின் முதுகில் ஆறு ஸ்க்ரூக்கள். அவற்றில் ஒன்றின் மேல், 'பிரித்தால் வாரன்டி கிடையாது' என்ற சின்ன ஸ்டிக்கர்.

ட்ரோன் மருந்தடிப்பு பரவிய எந்த ஊரிலும் இது நடக்கக்கூடியதுதான். அந்த ஸ்டிக்கரை என்ன செய்வது என்ற கேள்வி இன்று கல்யாண வீடியோ எடுப்பவரிலிருந்து மகளிர் சுய உதவிக் குழுவின் ட்ரோன் பைலட் வரை எல்லோரிடமும் இருக்கிறது.

உள்ளே என்னதான் கெடுகிறது?

ரிமோட் என்றதும் பெரிய மர்மம்போலத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் ஏழெட்டுப் பகுதிகள்தான்: இரண்டு ஸ்டிக், பொத்தான்கள், பேட்டரி, சார்ஜ் ஏற்றும் துளை, திரை, எல்லாவற்றையும் ஆளும் போர்டு, அதிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் மெல்லிய ஒயர். இவற்றில் அடிக்கடி தகராறு செய்வது அசையும் பாகங்களும் கையும் காற்றும் படும் பாகங்களும்தான். போர்டு தானாகச் சாவது அபூர்வம்.

ஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். பல ரிமோட்களில் ஸ்டிக்கின் அடியில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர் என்ற சின்னப் பாகம். கரிப் பூச்சு பூசிய ஒரு தடம், அதன் மேல் உரசி நகரும் ஒரு முள். முள் நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். அந்த அளவை வைத்துத்தான் ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று போர்டு புரிந்துகொள்கிறது. பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அதைக் கிளப்புவதும் இதே வகைப் பாகம்தான். தடத்தில் தூசி சேர்ந்தாலோ பூச்சு தேய்ந்தாலோ அளவு பிசகும். ட்ரோன் உலகில் ஸ்டிக்கின் நடுப்புள்ளியை 1500 என்றும் இரு ஓரங்களை 1000, 2000 என்றும் கணக்கு வைப்பது வழக்கம். நடுவில் 1500 காட்ட வேண்டியது 1450 காட்டினால், விரலை எடுத்த பிறகும் யாரோ ஸ்டிக்கை லேசாகத் தள்ளிக்கொண்டிருப்பதாகவே ட்ரோன் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு வகை, ஹால் சென்சார் வைத்த ஸ்டிக். அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவை வைத்து வேலை செய்வது. ஒரு காந்தம் நகர்கிறது. சற்று விலகி இருக்கும் சென்சார் அதை உணர்கிறது. ஒன்றோடொன்று உரசாததால் தேய்மானம் மிகக் குறைவு. விலை கூடினாலும் வயல் வேலைக்கு இதுவே ஏற்றது.

நம் ஊர் வயலில் ரிமோட் படும் பாடு தனி. புழுதி, வியர்வை, பனி. இலைவழித் தெளிப்புக்குக் கலக்கும் யூரியாவும் துத்தநாக சல்பேட்டும் கையுறையிலிருந்து ஸ்டிக்குக்கு ஏறி, பொத்தான் இடுக்கில் இறங்கி, உலோக இணைப்பை அரிக்கின்றன. சார்ஜர் செருகியிருக்கும்போதே வண்டியில் வைத்துக் குலுக்கிக்கொண்டு போவதில் சார்ஜ் துளையின் பற்றவைப்பு விட்டுவிடும். தெளிப்புப் பருவம் முடிந்து கொட்டகையில் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும் ரிமோட்டில் பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிட, ரிமோட் செத்துப்போனதுபோல் கிடக்கும்.

காத்திருப்பின் விலை

வாரன்டி நல்ல விஷயம். அதைக் குறை சொல்ல வரவில்லை. வாங்கிய சில வாரங்களிலேயே ஸ்டிக் பிசகினால் அது தயாரிப்புக் குறை. அதைச் சரிசெய்து கொடுப்பது விற்றவரின் கடமை; வாடிக்கையாளர் ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டியதே இல்லை. சிக்கல், அந்தக் கடமை நிறைவேற ஆகும் காலத்தில்தான் இருக்கிறது.

ரிமோட்டுக்குள் லித்தியம்-அயன் பேட்டரி இருக்கிறது. கூரியரில் அது சாதாரணப் பார்சல் அல்ல. சாதனத்தோடு சேர்ந்த லித்தியம் பேட்டரிக்கு யுஎன் 3481 என்ற அபாயப் பொருள் எண்ணே உண்டு. விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால் பல நேரங்களில் தரைவழிதான். போய்ச் சேர்ந்ததும் வரிசை, பிறகு சோதனை. பாகம் கையிருப்பில் இல்லையென்றால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். சரிசெய்தபின் மறுபடியும் தரைவழிப் பயணம்.

அலுவலகத்தில் பிரின்டர் கெட்டால் ஒரு வாரம் பக்கத்து அறைக்குப் போய் வேலையை முடிக்கலாம். பயிருக்கு அப்படித் தள்ளிப்போட முடியாது. புகையான் தாக்கிய வயலில் மருந்து விழ வேண்டிய நாள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வடகிழக்குப் பருவமழையின் இடைவெளியில் கிடைப்பதோ அதைவிடக் குறைவு. அந்த நாள்களில் ட்ரோன் கொட்டகையில் கிடந்தால், வயல்காரர் பழையபடி கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார், மருந்துக் காற்றை மூச்சில் இழுத்தபடி. ட்ரோன் வந்ததே அந்த வேதனையைக் குறைக்கத்தானே?

பைலட்டின் கணக்கு வேறு. பத்து லிட்டர் ட்ரோன் ஓர் ஏக்கரை ஏறக்குறைய பத்து நிமிடத்தில் முடித்துவிடும். கூலி ஏக்கருக்குச் சில நூறு ரூபாய். பருவத்தில் வரும் இந்த வருமானத்தை வைத்துத்தான் வங்கித் தவணை கட்டியாக வேண்டும். ஒரு சின்னக் கரித்தடம் தேய்ந்ததால் ஒரு பருவமே கைவிட்டுப் போகலாம். ஸ்டிக்கரைக் கிழிக்கத் துணிகிறவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

■ பெட்டிச் செய்தி: மகளிர் கையில் ட்ரோன்
'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. இலக்கு: 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்கள். ஒதுக்கீடு: 1,261 கோடி ரூபாய். ட்ரோன், உபகரணச் செலவில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். குழுவில் ஒருவருக்குப் பைலட் பயிற்சி. மின்சாதனப் பழுதுபார்ப்பில் ஆர்வமுள்ள இன்னொரு உறுப்பினரையோ குடும்பத்தவரையோ ட்ரோன் டெக்னீஷியனாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்றும் திட்டம் சொல்கிறது.

கையை வைக்கலாம், ஒரு கோடு வரை

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது காலிப்ரேஷன். ரிமோட்டின் மெனுவிலோ செயலியிலோ இருக்கும். ஸ்டிக்கை நான்கு ஓரங்களுக்கும் கொண்டுபோய் நடுவில் விட்டால், புது நடுப்புள்ளியை ரிமோட் மனதில் வைத்துக்கொள்ளும். நிறையத் தகராறுகள் இதிலேயே தீர்ந்துவிடும். வாரன்டிக்கும் பங்கமில்லை. சார்ஜ் ஏறவில்லையா? வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். சில ரிமோட்கள் இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சார்ஜ் ஏறாமல், ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள கேபிளில் ஏறும்.

காலிப்ரேஷன் செய்தும் மறுநாளே ஸ்டிக் பிசகினால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது. இங்கேதான் பிரிக்கலாமா என்ற முடிவு வருகிறது. பிரிப்பதானால் முதலில் பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவும் இருந்த இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் முறுக்கினால் அது போர்டைத் துளைத்துவிடும். ரிப்பன் கேபிளை இழுக்கக் கூடாது. அதன் பூட்டைத் தூக்கினால் தானாக வரும். தூசி துடைக்க, செல்போன் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ஐபிஏ என்ற ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும். துருநீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்துவிட்டால் அதன் பிசுக்கு இன்னும் தூசியைச் சேர்க்கும்.

தேய்ந்த பாகத்தை மாற்றுவது அடுத்த படி. ஸ்டிக் முழுத் தொகுதியாகச் செருகி எடுக்கும்படி இருந்தால் நிதானமான கை உள்ள யாரும் மாற்றலாம். போர்டில் பற்றவைத்திருந்தால் சால்டரிங் தெரிந்தவர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ மாவட்டத் தலைநகரின் செல்போன் கடையிலோ சார்ஜ் துளை மாற்றியே கைபழகியவர்களுக்கு இது அன்றாட வேலை. ட்ரோன் ரிமோட் என்ற பெயரைக் கேட்டு அவர்கள் தயங்கலாம். உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரிந்த பாகம்தான்.

பேட்டரியில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். லித்தியம்-அயன் செல் ஒன்றின் முழு அளவு 4.2 வோல்ட். மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜோடு வைப்பது நல்லது. அடிமட்டத்துக்குப் போன செல்லை நேரடி மின்சாரம் கொடுத்து எழுப்புவது, உப்பிய பேட்டரியை அமுக்கி உள்ளே திணிப்பது இரண்டும் தீ விபத்தில் முடியும் வேலைகள். உப்பியதா? வெளியே எடுங்கள், மாற்றுங்கள். அதில் பேச்சே இல்லை.

கோடு எங்கே என்றால், ரேடியோ பகுதியில். போர்டில் உலோக மூடி போட்டிருக்கும் இடத்தில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை பிறக்கிறது. ட்ரோனோடு பேசுவது அதுதான். அதைத் திறந்து பற்றவைப்பது வீட்டு மேசை வேலை இல்லை. சிக்னல் தூரம் போக வேண்டும் என்று ஆம்பிளிஃபையர் சேர்ப்பது இன்னும் மோசம்: நம் நாட்டில் இந்த அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், ஆனால் சக்திக்கு வரம்பு உண்டு, சாதனத்துக்கு அங்கீகாரமும் வேண்டும். ஆன்டெனா ஒயர் கழன்றிருந்தால் திரும்ப மாட்டலாம். அது கழன்றிருக்கும்போது ரிமோட்டை ஆன் செய்யவே கூடாது. வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து ரேடியோ சிப்பையே எரித்துவிடலாம்.

மேலே ஏறுவதற்கு முன்

சரிசெய்த மிக்ஸி ஓடவில்லையென்றால் சட்னி இல்லை, அவ்வளவுதான். சரிசெய்த ரிமோட் நடுவானில் தவறினால் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள், சுழலும் இறக்கைகளோடு, யார் தலைக்கு மேல் வரும் என்று சொல்ல முடியாது. தானே பழுதுபார்ப்பவர்கள் பலரும் அவசரத்தில் விட்டுவிடுவது சரிசெய்த பிறகான சோதனையைத்தான். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

இறக்கைகளைக் கழற்றிவிட்டுத்தான் சோதனை தொடங்க வேண்டும். திரையில் நான்கு அளவுகளையும் பார்த்தபடி ஸ்டிக்கை மெதுவாக நகர்த்துங்கள். எண்கள் சீராக ஏறி இறங்க வேண்டும். ஓரிடத்தில் துள்ளினால் பழுது இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஸ்டிக்கை ஓரத்திலிருந்து சட்டென்று விட்டு, ஒவ்வொரு முறையும் அதே நடுப்புள்ளிக்கு வருகிறதா என்று பாருங்கள். முன்னே தள்ளினால் முன்னேதான் காட்டுகிறதா என்பதும் முக்கியம். ஒயரை மாற்றிச் செருகினால் திசை தலைகீழாகும். அது வானில் தெரியவந்தால் காலம் கடந்துவிட்டது. பிறகு ஃபெயில்சேஃப். இறக்கை இல்லாத நிலையிலேயே ரிமோட்டை அணைத்து, சிக்னல் போனதை ட்ரோன் உணர்ந்து கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் நிலைக்கு மாறுகிறதா என்று செயலியில் பார்க்க வேண்டும். இத்தனையும் தேறினால், காலித் தொட்டியோடு, ஆள் இல்லாத சொந்த வயலில், இடுப்பு உயரத்தில் ஒரு பறப்பு. அன்றைக்கே அடுத்தவர் வயலில் மருந்தோடு ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

சட்டப் பக்கமும் உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலான நானோ ட்ரோன் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மருந்தடிக்கும் ட்ரோன் வகைச் சான்றிதழ் பெற்றது. அதே பாகத்தை மாற்றுவது பழுதுபார்ப்பு. வேறு கம்பெனி ரிமோட்டையும் ரிசீவரையும் சேர்ப்பது அப்படியல்ல. சான்றிதழுக்காகச் சோதித்துப் பார்த்த அமைப்பே மாறிவிடுகிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். என்ன பாகம், எந்த நாள், யார் மாற்றினார்கள், என்ன சோதனை என்று ஒரு நோட்டில் எழுதி, பில்லோடு வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

ஸ்டிக்கர் சட்டம் ஆகுமா?

ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதாலேயே வாடிக்கையாளரின் உரிமை எல்லாம் போய்விடுமா? அமெரிக்காவில் இதற்கு 1975 முதலே பதில் இருக்கிறது. மேக்னசன்–மாஸ் வாரன்டி சட்டப்படி, எங்கள் பாகம், எங்கள் சர்வீஸ் மட்டும்தான் என்று வாரன்டியைக் கட்டிப்போட முடியாது. வெளியாள் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்று நிறுவனம் காட்டினால் அந்தப் பழுதுக்கு மட்டும் பொறுப்பேற்க மறுக்கலாம். 2018-இலும் 2024-இலும் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது.

இந்தியாவில் அப்படி நேரடியான சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் அடித்தளம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தை வெளிச்சந்தையில் விற்காமல் வைத்திருந்ததுதான் அந்த வழக்கின் மையம். வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்த நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. மேல்முறையீட்டில் சில நிறுவனங்களுக்குத் தொகை குறைந்தது உண்மை. இருந்தாலும் அந்த வாதம் ட்ரோனுக்கும் அப்படியே பொருந்தும்: விற்பவர் பாகத்தையும் பூட்டி, வெளிக் கையையும் தடுத்தால், வாங்கியவர் எங்கேதான் போவார்?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு அமைத்தது. குழு எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் உண்டு. மருந்தடிக்கும் ட்ரோன் விவசாயக் கருவிதான். டிராக்டருக்குக் கேட்கும் உரிமையை இதற்கும் கேட்கலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்கென்றே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் இயற்றி, 2024 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது.

■ பெட்டிச் செய்தி: சர்வீஸ் மறுத்தால்
மறுப்பை எழுத்திலோ மின்னஞ்சலிலோ கேட்டு வாங்குங்கள். பழுதை வீடியோ எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம்; கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். சாதனங்களின் கையேடு, சர்வீஸ், உதிரிபாக விவரங்களுக்காகப் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் 2022 டிசம்பர் 24 முதல் இயங்குகிறது.

முடியாததையா கேட்கிறோம்?

பாகங்களை வெளியே விற்றால் பாதுகாப்பு கெடும் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் பாதி நியாயம் உண்டு. ரேடியோ பகுதி பற்றி மேலே சொன்னதும் அதே கவலைதான். ஆனால் பந்தய ட்ரோன்கள் ஓட்டும் இளைஞர்களின் உலகத்தைப் பாருங்கள். அவர்கள் விரும்பி வாங்கும் ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் ரிமோட்டில் ஸ்டிக் தொகுதி தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறது. காலிப்ரேஷன் ரிமோட்டின் மெனுவிலேயே இருக்கிறது. அதில் ஓடும் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் எவரும் திறந்து படிக்கக்கூடியது. ஸ்டிக் போனால் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டுப் பறக்கப் போகிறார்கள். பொழுதுபோக்கு ட்ரோனுக்குக் கிடைத்த இந்த வசதி, பத்து லட்ச ரூபாய் ட்ரோனை வைத்து வயிறு பிழைப்பவருக்குக் கிடைக்காமல் இருக்கத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

உண்மையான பூட்டு ஸ்டிக்கரில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. பாகத்தை மாற்றினாலும், நிறுவனத்தின் ஆள் லாகின் செய்து ஒப்புதல் தந்தால்தான் ரிமோட் அதை ஏற்கும் என்றால், கைத்திறன் இருந்தும் பயனில்லை. புது ரிமோட்டை ட்ரோனோடு இணைக்கும் பைண்டிங்கிலும் இதே நிலை வரலாம். பாகத்தையும் சாதனத்தையும் இப்படி மென்பொருளால் பிணைத்து, வெளிப் பழுதுபார்ப்பைத் தடுப்பதற்கு எதிராக அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024-இல் சட்டமே போட்டது.

அரசு இங்கே வெறும் பார்வையாளர் அல்ல. 80 சதவீதம் வரை பணம் போடுகிற பெரிய வாடிக்கையாளர். சுய உதவிக் குழுக்களுக்கான ட்ரோன் தொகுப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருப்பதும் அரசுதான்: கூடுதல் பேட்டரிகள், கூடுதல் இறக்கைகள், தெளிப்பு முனைகள், காற்றின் வேகம் அளக்கும் கருவிகூட. அதே பட்டியலில் ஒரு ஜோடி ஸ்டிக் தொகுதி, ஒரு சார்ஜ் துளை போர்டு, தமிழில் ஒரு பழுதுபார்ப்புக் கையேடு, குழுவின் டெக்னீஷியன் தானே திறக்கக்கூடிய காலிப்ரேஷன் மெனு ஆகிய நான்கையும் அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்கலாம். டெக்னீஷியனைப் பயிற்றுவிப்பதற்குப் பணம் ஒதுக்கும் அரசு, அவர் கையில் பாகத்தையும் கொடுக்கச் சொல்லி விற்பனையாளரிடம் கேட்க வேண்டும்.